அப்பாவின் நண்பரைக் கூப்பிட்டீர்களா?



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை ரொம்பவே யோசிக்க வைத்துவிட்டது. எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்பாவோடு கூடவே இருந்த நண்பர் தை மாதத்தில் தவறிவிட்டாராம். அன்றிலிருந்து அப்பா சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால் முழங்கால் வலி என்கிறார். பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா இறந்தபோது வீடே அழுதது, அப்பாவும் சேர்ந்து அழுதார், மெல்லத் தேறினார். இப்போது துக்கம் அவர் ஒருவருக்கு மட்டும். மற்றவர்கள் எல்லோரும் வழக்கம்போல வேலைக்குப் போகிறோம், சமைக்கிறோம், சீரியல் பார்க்கிறோம். அவரிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

படித்ததும் எனக்கு எத்தனையோ பேர் நினைவுக்கு வந்தார்கள். உங்களுக்கும் வருவார்கள்.

நம் ஊர்ச் சாவு வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மகன் கொள்ளி வைக்க வேண்டும். பங்காளிகள் நீர்மாலைக்குப் போக வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி வந்து சேர வேண்டும். காரியத்தன்று யார் தலைக்குத் துண்டு கட்ட வேண்டும், அந்தத் துண்டை யார் வாங்கி வர வேண்டும் என்பதுவரை கணக்கு இருக்கிறது. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, மதத்துக்கு மதம் முறைகள் மாறும். ஆனால் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் பந்தலிலேயே சண்டை வரும்.

ஐம்பது வருஷம் கூடவே இருந்த நண்பருக்கு என்ன முறை?

எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. ஆனால் வேலை மட்டும் நிறைய இருக்கிறது. விடிகாலையில் முதல் போன் அவருக்குத்தான் போகும். ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்வது, சாமியானா போட ஆள் பிடிப்பது, மயானத்தில் பணம் கட்டி ரசீது வாங்குவது, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வழி சொல்வது எல்லாம் அவர் பொறுப்பாகிவிடும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் தம்பி, ஆதார் கார்டை எடுத்து வை என்று மகனிடம் ஞாபகப்படுத்துகிறவரும் அவர்தான். அழக்கூட அவருக்கு நேரம் இருக்காது. எல்லாம் முடிந்து, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு உட்காரும்போதுதான் மனசு கனக்கத் தொடங்கும். அங்கே அவருடைய வீட்டுக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி. சாப்பிட்டீங்களா? அதோடு அந்தச் சாவு அந்த வீட்டில் முடிந்துவிடும்.

தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை என்றாவது நின்று படித்திருக்கிறீர்களா? மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி, சம்பந்தி வீட்டார் என்று பெயர் பெயராகப் போட்டிருக்கும். போன வருஷம் பிறந்த குழந்தையின் பெயர்கூட இருக்கும். கடைசி வரியில் 'மற்றும் உற்றார், உறவினர், நண்பர்கள்' என்று முடியும். ஒரு மனிதர் தினமும் யாரோடு உட்கார்ந்து டீ குடித்தாரோ, யாரிடம் மட்டும் மனசைத் திறந்து பேசினாரோ, அவர் அந்தக் கடைசி வரிக்குள் பெயரில்லாமல் இருக்கிறார்.

ஆபீஸிலும் இதே கதைதான். லீவு கேட்டுப் போனால், "யார் தவறிட்டாங்க?" என்பார்கள். "ஃப்ரெண்டு சார்." "அப்படியா... சரி, காலையில போய்ட்டு மதியத்துக்குள்ள வந்துடுங்க." பெரியப்பா மகன் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் கிடைத்திருக்கும். அந்தப் பெரியப்பா மகனைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருந்தாலும் சரி.

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ரத்த சொந்தத்தைச் சுற்றித்தான் நாம் துக்கத்தை அமைத்து வைத்திருக்கிறோம். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஆளின் துக்கத்தைப் பார்க்க நம் கண்ணுக்குப் பழக்கம் இல்லை.

அந்த வட்டத்துக்கு வெளியே நின்று அழுத ஒருவரைச் சொல்கிறேன். 1972 டிசம்பர் 25-ஆம் தேதி ராஜாஜி காலமானார். பெரியாருக்கு அப்போது 93 வயது. எழுந்து நடக்க முடியாத உடம்போடு மயானத்துக்கே வந்து, அத்தனை பேர் முன்னிலையிலும் கண்ணீர் விட்டு அழுதார். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர், பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவர் என்று இருந்த காலத்துப் பழக்கம் அது. பிறகு அரசியலில் எதிரெதிர்த் திசை. ராஜாஜியின் கல்வித் திட்டத்தை பெரியார் எவ்வளவு கடுமையாக எதிர்த்தார் என்பது ஊரறிந்த செய்தி. அந்த எதிர்ப்புக்கு நடுவே 1954-இல் ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஆனால் அதற்கு முன்பு, 1949-இல் தன் திருமணம் குறித்து மனம் விட்டுப் பேச வேண்டும் என்றபோது, பெரியார் திருவண்ணாமலையில் போய்ப் பார்த்தது ராஜாஜியைத்தான். தன் இயக்கத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கும்போது அவரைத் தேடிப் போனார். மேடையில் பார்த்ததை மட்டும் வைத்து இரண்டு பேருக்கு நடுவில் என்ன இருந்தது என்று வெளியில் இருக்கிறவர்கள் எடை போட முடியாது. அடுத்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி பெரியாரும் போய்ச் சேர்ந்தார்.

அவர்கள் தலைவர்கள், அதனால் அந்தக் கண்ணீர் பதிவாகியிருக்கிறது. நம் தெருவில் இருக்கும் பெரியவர் அழுதால்?

எனக்கு மனதுக்கு மிகவும் நெருக்கமான இன்னொரு ஜோடி உண்டு. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் இடைசெவல் என்று ஒரு கரிசல் கிராமம். எழுத்தாளர்கள் கு.அழகிரிசாமியும் கி.ரா. என்கிற கி.ராஜநாராயணனும் அந்த ஊர்ப் பிள்ளைகள். கிட்டத்தட்ட ஒரே வயது. சிறு வயதிலிருந்தே கூட்டாளிகள். இரண்டு பேருக்கும் சங்கீதப் பைத்தியம். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டில் மயங்கிக் கிடந்தவர்கள். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யிடம் போய்க் கம்பனைக் கேட்டு அனுபவித்தவர்கள்.

அழகிரிசாமி சீக்கிரமே எழுத வந்துவிட்டார். பத்திரிகை வேலைக்காக சென்னைக்குப் போனார். 1952-இல் மலேயாவுக்குப் போய் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். 1957-இல் திரும்பி வந்து மறுபடியும் சென்னை. கி.ரா.வோ ஊரிலேயே இருந்து விவசாயம் பார்த்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கதை எழுதத் தொடங்கினார். ஒருவர் ஊர் ஊராகப் போக, ஒருவர் ஊரிலேயே இருக்க, நடுவில் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன.

1970 ஜூலையில் அழகிரிசாமி இறந்தார். 47 வயதுகூட நிறையவில்லை. 'அன்பளிப்பு' தொகுப்புக்கு அந்த ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது வாங்குவதற்கு அவர் இல்லை. கி.ரா. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு இருந்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-இல் அவருக்கும் அதே விருது கிடைத்தது. ஒரே சின்ன ஊருக்கு இரண்டு விருதுகள்.

இந்தப் பெருமைகளைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அழகிரிசாமி தனக்கு எழுதிய கடிதங்களை கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார். எழுதியவர் போன பிறகு அவற்றைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். இன்றைக்கு நாம் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்து அழகிரிசாமி என்ற எழுத்தாளரை மதிக்கலாம். அந்த எழுத்தாளர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நண்பனிடம் எப்படிப் பேசியிருப்பார் என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கடிதங்களுக்குத்தான் போக வேண்டும். அவை கி.ரா. வீட்டுப் பெட்டியில் இருந்ததால் தப்பின. தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் கி.ரா. பேச உட்கார்ந்தால் அழகிரிசாமி பேச்சில் வந்துவிடுவார். எழுத்தாளர் சுந்தர ராமசாமியும் அப்படித்தான். 1976-இல் சின்ன வயதிலேயே போய்விட்ட தன் நண்பர் கிருஷ்ணன் நம்பியைப் பற்றி, பல வருஷம் கழித்து, ஒரு தனிப் புத்தகமே தந்தார்.

எழுத்தாளர் வீட்டுச் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? நம் வீடுகளிலும் இதே விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

என் அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர். கறாரான மனிதர். எட்டு மணிக்கு ரேடியோவை அணைத்துவிட வேண்டும். வீட்டில் யாரும் பாட்டு முணுமுணுக்கக் கூடாது. அவரும் முணுமுணுத்து நாங்கள் கேட்டதில்லை. அவர் காலமாகி, காரியம் எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு, அவருடைய பால்ய நண்பர் ஒருநாள் பஸ் பிடித்து வந்தார். மஞ்சள் பையில் கொஞ்சம் முருங்கைக்காய், நாலு எலுமிச்சம்பழம். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார். காபி குடித்தார். பிறகு, யாரும் கேட்காமலே ஆரம்பித்தார்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் ஒரு வருஷம் 'வள்ளி திருமணம்' நாடகம். வள்ளியின் தோழி வேஷம் கட்ட வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டு ஆடியது எங்கள் அப்பாவாம்! சும்மா ஒப்புக்கு இல்லை. ஹார்மோனியக்காரர் அசந்துபோய், பையனை எங்களோடு அனுப்புங்கள் என்று தாத்தாவிடமே கேட்டிருக்கிறார். தாத்தா அன்று ராத்திரி அப்பாவைப் புளிய விளாரால் விளாசியிருக்கிறார். சொல்லிக்கொண்டே வந்த பெரியவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முந்தானை மாதிரி இழுத்துப் போட்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, தன் எழுபது வயதில், அப்பா அன்று நின்ற நிலையை நின்று காட்டினார். அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

நாற்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய அம்மாவுக்கே அது தெரியாது. ரேடியோவை ஏன் அணைக்கச் சொன்னார் என்பதற்கு அன்று எங்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. அது சரியான காரணமா என்று இனி அவரைக் கேட்க முடியாது. ஆனாலும் அப்பாவை நினைக்கும்போது இப்போது எனக்கு ஒரு பையன் முகமும் சேர்ந்தே வருகிறது.

யோசித்துப் பாருங்கள். நம் அப்பாவை நமக்கு எப்போதிலிருந்து தெரியும்? அவருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது ஆன பிறகுதான். அம்மாவுக்குத் தெரிந்ததும் கல்யாணத்துக்குப் பிறகுதான். தாத்தா பாட்டி போய்விட்டார்கள். அவருடைய முதல் இருபத்தைந்து வருஷத்துக்கு இன்றைக்கு சாட்சி யார்? அந்த ஒரு நண்பர். அவரும் போய்விட்டால் அந்தக் காலம் முழுக்கப் போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன். காரியம் முடிந்த பிறகு, வீடு வெறிச்சென்று ஆகும் அந்த நாட்களில், அப்பாவின் நண்பரைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். அவர் தயங்குவார். பிள்ளைகளுக்குத் தொந்தரவு எதற்கு என்று நினைப்பார். இனி அந்த வீட்டுக்கு எந்த உரிமையில் போவது என்ற கூச்சம் அவருக்கு இருக்கும். எத்தனையோ வருஷம் செருப்பை விட்டுவிட்டு நேரே உள்ளே வந்தவர், இப்போது வாசலில் நின்று காலிங் பெல்லை அடிக்கிறார். அந்தக் கூச்சத்தை நாம்தான் போக்க வேண்டும்.

வந்தவரிடம், அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்காதீர்கள். தங்கமான மனுஷன் என்பார். அதற்கு மேல் பேச்சு நகராது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போவீர்கள்? சினிமா எந்தக் கொட்டகை? டிக்கெட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது? அப்பா யாரிடமாவது அடி வாங்கியிருக்கிறாரா? உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோன காலம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஐம்பது வருஷ சிநேகிதத்தில் சண்டை இல்லாமல் இருக்காது. அதைச் சொல்லும்போதுதான் பெரியவர்கள் முகம் மலர்கிறது. மொபைலில் ரெக்கார்டரைப் போட்டு, சொல்லிவிட்டு, ஓரமாக வைத்துவிடுங்கள். பேரப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

போன் என்றதும் இன்னொன்று. இறந்தவருடைய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டால் சில மாதங்களில் அது வேறு யாருக்காவது போய்விடும். நண்பர்களில் சிலர் அந்த நம்பரை அழிக்க மாட்டார்கள். ஏதோ ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் போட்டுப் பார்ப்பார்கள். மறுமுனையில் யாரோ ஒரு இளைஞன், யார் வேணும் என்று கேட்பான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நடந்தது. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. முடிந்தால் அந்த நம்பரை வீட்டில் ஒருவர் வைத்துக்கொண்டு ஒரு வருஷமாவது உயிரோடு வைத்திருங்கள். இறந்தவரிடமிருந்து நண்பருக்கு வந்த வாட்ஸ்அப் குரல் செய்திகள், பழைய போட்டோக்கள் இருந்தால், அவர் போன் மாற்றுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அதை எடுத்துச் சேமித்துக் கொடுங்கள். பெரியவர்களுக்கு அந்த வித்தை தெரியாது. போன் பழுதானால் குரலும் போய்விடும்.

கொஞ்சம் வெளிப்படையாக ஒன்று பேச வேண்டும். பணம்.

நண்பர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இருக்கும். பெரும்பாலும் எழுத்தில் இருக்காது. கொடுத்தவர் நண்பராக இருந்தால், துக்க வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொள்வார். அவர் வீட்டில் அதற்காக அவருக்கு ஏச்சு விழும். வாங்கியவர் நண்பராக இருந்தால், போய்ச் சொல்வதற்குத் தைரியம் வராமல் மெல்ல அந்த வீட்டுப் பக்கமே வராமல் இருந்துவிடுவார். பல வருஷ உறவு இப்படி அறுந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளே முதலில் கேட்டுவிடுவது நல்லது. மாமா, அப்பா உங்களுக்கு ஏதாவது தர வேண்டியிருக்கா, தயங்காமல் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை. ஜாமீன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் அப்பா வாங்கிய பேங்க் லோனுக்கு நண்பர் கையெழுத்துப் போட்டிருந்தால், கடன் வாங்கியவர் இறந்ததால் அவருடைய பொறுப்பு தீர்ந்துவிடாது. பேங்க் அவரைத் தேடி வரும். பென்ஷனில் காலம் தள்ளும் மனிதரை அந்த நிலையில் விடலாமா? அப்பாவின் காகிதங்களைப் பிரிக்கும்போது இதையும் ஒரு கண் பாருங்கள்.

ஆசிரியைக்கு என் பதிலைத் தனியாக எழுதிவிட்டேன். அதில் ஒரு பகுதி எல்லோருக்கும் பொருந்தும் என்பதால் இங்கே சொல்கிறேன். அப்பாவைப் பழைய டீக்கடைக்கு வற்புறுத்தி அனுப்பாதீர்கள். அங்கே அந்த பெஞ்சில் காலியிடம்தான் முதலில் கண்ணில் படும். அதற்குப் பதிலாக அந்த நண்பருடைய வீட்டுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீட்டு அம்மாவும் பிள்ளைகளும் அவரைப் பார்த்ததும் அழுவார்கள். அழட்டும். தன் துக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அவருக்கு அங்கேதான் தெரியும். உங்கள் வீட்டிலும் அந்த நண்பரின் பெயரைச் சாதாரணமாகப் பேச்சில் எடுங்கள். அவர் பெயரைச் சொன்னால் அப்பா வருத்தப்படுவார் என்று நினைத்து எல்லோரும் தவிர்க்கிறோம். அவர் மனசில் அந்தப் பெயர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் பேசாமல் இருப்பதால் அவர் தனியாக விடப்படுகிறார், அவ்வளவுதான். இதையெல்லாம் செய்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சர்க்கரை மாத்திரையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் விடுகிறார் என்றால், வயசானால் இப்படித்தான் என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதுவரை அப்பாக்களைப் பற்றியே பேசிவிட்டேன். அம்மாக்களின் கதை இதைவிட வருத்தம் தருவது.

ஆண்களுக்காவது டீக்கடை இருக்கிறது, பார்க் இருக்கிறது, ஒரே ஊரில் ஆயுசு முழுக்க இருக்கிற வாய்ப்பு இருக்கிறது. பெண்களுக்கு? பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் புளிச்சோறு சாப்பிட்ட இரண்டு பெண்கள், ஒருத்தி கும்பகோணத்துக்கும் ஒருத்தி சேலத்துக்கும் கல்யாணமாகிப் போனார்கள். நம் ஊர் வழக்கத்தில் அதோடு அந்த சிநேகிதம் முடிந்துவிட்ட மாதிரிதான். அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் பிறந்த ஊருக்கு வரும்போது, அவளும் வந்திருந்தால் கோயிலில் வைத்து ஒரு பார்வை, கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை. எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள். வீட்டுக்காரர் தூரத்தில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிடுவார்.

அந்தக் கும்பகோணத்து அம்மா இறந்தால் சேலத்து அம்மாவுக்கு யார் சொல்வார்கள்? பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சிநேகிதி இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் பெயர் தெரியாது, அம்மா அவளைப் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாள். ஆறு மாதம் கழித்து, ஊர்க்காரர் யாரோ கல்யாண வீட்டில், உனக்குத் தெரியாதா, அவ போய்ச் சேந்துட்டாளே என்று சொல்லித் தெரிந்துகொள்வாள். அந்தப் பந்தியிலேயே, பரிமாறிய இலைக்கு முன்னால். அங்கே எப்படி அழ முடியும்? வீட்டுக்கு வந்து அடுப்படியில் அழுதால், யாருக்கு என்று கேட்பார்கள். கூடப் படித்தவள் என்றால், அதுக்கா இவ்வளவு என்பார்கள். நம் வாசகிகள் பலருக்கு இது நடந்திருக்கிறது. எனக்கு வந்த கடிதங்களை வைத்தே சொல்கிறேன்.

இதை மாற்றுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இந்த வாரம் அம்மாவிடம் உட்கார்ந்து அவருடைய சிநேகிதிகளின் பெயர்களைக் கேளுங்கள். முழுப் பெயர், புகுந்த ஊர், வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் என்று அம்மாவுக்கு ஞாபகம் இருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். நம்பர் இல்லாவிட்டால், பிறந்த ஊரில் விசாரித்தால் கிடைத்துவிடும். அந்தத் தெருவில் யாராவது ஒரு அண்ணனோ தம்பியோ இருப்பார்கள். கிடைத்ததும் அம்மாவைப் பேச வையுங்கள். ஸ்பீக்கரில் போடாதீர்கள், அவர்கள் தனியாகப் பேசட்டும். ஒரு தடவை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், அல்லது காரில் கூட்டிக்கொண்டு போங்கள். நாலு மணி நேரப் பயணம் என்று யோசிக்காதீர்கள். மாமியார் வீட்டுச் சீமந்தத்துக்கு அதைவிட தூரம் போகிறோமே.

எழுதிய தாளை ரேஷன் கார்டும் எல்ஐசி பத்திரமும் இருக்கும் அதே பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். நமக்கு எல்லோருக்கும் ஒருநாள் வரும். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தத் தாளில் இருக்கிறவர்களுக்கு நீங்கள் ஒருவர்தான் போன் செய்ய வேண்டும். காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது அவர்கள் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்